காசியிலிருந்து கயா: சாபம் பெற்ற இரண்டு ஆறுகளைத் தாண்டிப் போவது எப்படி

கும்பகோணம் பக்கத்திலிருந்து காசி யாத்திரைக்கு ஆட்களைக் கூட்டிப்போவது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். "பிரயாகை முண்டம், காசி தண்டம், கயா பிண்டம்" என்ற வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் காசிக்கும் கயாவுக்கும் நடுவில் இருக்கும் சுமார் 250 கிலோமீட்டர் சாலையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சாபக் கதை உள்ள ஆறுகள் இரண்டு இந்த வழியில் இருக்கின்றன. ஒன்றின் தண்ணீர் மேலே படவே கூடாது என்பார்கள். மற்றதன் கரையில்தான் பித்ரு காரியமே. சொந்தமாக வண்டி பேசிக்கொண்டு போகிறவர்களுக்கு இது உதவும்.

முதலில் நேரம். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி அன்றைக்கே சிராத்தத்தையும் முடித்துத் திரும்பிவிடலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். வேண்டாம். மார்கழி, தையில் அந்தப் பக்கம் மூடுபனி கொட்டும். லாரிகள் போகும் நெடுஞ்சாலை. பெரியவர்கள் பட்டினியோடு ஐந்தாறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் மணலில் குந்தவும் முடியாது. காலை டிபனை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்புங்கள், ராத்திரி கயாவில் தங்குங்கள், மறுநாள் காலையில் காரியம்.

சந்தௌலி தாண்டி, உத்தரப் பிரதேசம் முடிந்து பீகார் தொடங்கும் இடத்தில் வருவது கர்மநாசா. திரிசங்கு கதை நமக்குத் தெரிந்ததுதான்: விசுவாமித்திரர் உடம்போடு சொர்க்கத்துக்கு அனுப்ப, இந்திரன் பிடித்துத் தள்ள, நடுவானில் தலைகீழாகத் தொங்கினான். அவன் வாயிலிருந்து ஒழுகிய எச்சில்தான் இந்த ஆறு என்பது அந்த ஊர்க் கதை. தொட்டால் சேர்த்துவைத்த புண்ணியம் அத்தனையும் கரைந்துவிடுமாம். காசியில் கங்கை ஸ்நானம் முடித்த கையோடு இதைத் தாண்ட வேண்டியிருப்பதுதான் பயத்துக்குக் காரணம். அந்தக் காலத்தில் ஆசாரக்காரர்கள் அடுத்தவர் தோளில் ஏறிக் கடந்திருக்கிறார்கள். தோள் கொடுத்தவனுடைய புண்ணியம் என்ன ஆனதென்று கதையில் எங்கும் வராது. பிறகு இங்கே கல்பாலம் கட்டித் தந்தவர் ஜேம்ஸ் பிரின்செப், அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்துச் சொன்ன அதே ஆள்.

இந்தக் கதையை வண்டியில் சொல்வதாக இருந்தால் பாலம் வருவதற்கு அரை மணி முன்பே சொல்லிவிடுங்கள். தாண்டிய பிறகு சொன்னால், "முன்னாடியே சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பேனே" என்று ஒரு மாமி கட்டாயம் சண்டைக்கு வருவார். பயப்படுகிறவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே வயலைக் காட்டுங்கள். சந்தௌலி நெல்லுக்குப் பேர்போன மாவட்டம். மூசாகண்ட், லத்தீஃப்ஷா அணைகள் இந்த ஆற்றின் மேல்தான் இருக்கின்றன. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ரயிலில் போனாலும் தப்ப முடியாது. அந்தப் பாதையில் கர்மநாசா என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு.

சசாராமில் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளலாம். ஏரி நடுவே ஷேர்ஷா சமாதி. 1539-இல் அவர் ஹுமாயூனைத் தோற்கடித்த சௌசா, கர்மநாசா கங்கையில் கலக்கும் பக்கம். அப்புறம் டேஹ்ரியில் சோன் ஆற்றுப் பாலம், நீளமானது. டோபியில் வடக்கே திரும்பினால் போத்கயா வழியாகக் கயா.

போத்கயாவில் ஓடுவது நிரஞ்சனா, இப்போது லீலாஜன் என்கிறார்கள். புத்தர் ஞானம் பெற்றது இதன் கரையில். கீழே வந்து மோகனா ஆற்றோடு சேர்ந்த பிறகு இதற்குப் பெயர் பல்கு; நம் ஊர் வாத்தியார்கள் பல்குனி என்பார்கள். புத்தருக்கு உகந்த தண்ணீர் சில மைல் கீழே போனதும் சீதையின் சாபத்துக்கு ஆளாகிவிடுகிறது.

சீதை கதையை ஆற்றங்கரையில் வைத்துச் சொல்லாதீர்கள், அங்கே இரைச்சல் தாங்காது. முதல் நாள் ராத்திரி சத்திரத்திலேயே சொல்லிவிடுங்கள். ராமனும் லட்சுமணனும் சாமான் தேடிப் போயிருக்க, நேரம் தப்புகிறது. மணலிலிருந்து தசரதன் கை நீட்டிப் பிண்டம் கேட்கிறார். கையில் ஒன்றுமில்லாத சீதை மணலையே உருட்டி வைக்கிறாள். ராமன் திரும்பி வந்து நம்ப மறுக்கும்போது, பல்கு, பசு, துளசி, தாழம்பூ, அங்கிருந்த பிராமணர் எல்லோரும் ஒன்றும் தெரியாது என்று கைவிரிக்க, ஆலமரம் மட்டும் உண்மையைச் சொல்கிறது. பல்கு இனி மண்ணுக்கு அடியில் ஓடட்டும் என்பது சீதையின் சாபம். பசுவுக்கு முகத்தில் பூஜை இல்லை, தாழம்பூவுக்குப் பூஜையிலேயே இடமில்லை, கயா பிராமணருக்கு எவ்வளவு கொடுத்தாலும் திருப்தி வராது. ஆலமரம் அட்சய வடமாக நின்றுவிட்டது. தாழம்பூ திருவண்ணாமலையிலும் பொய்சாட்சி சொன்னதுதானே என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், அதற்கு இரண்டு வழக்கு. வால்மீகியில் இந்தக் கதை கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சாபம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோடையில் பார்க்க வேண்டும். பல்கு மழையை நம்பி ஓடும் ஆறு, சோட்டா நாக்பூர் மேட்டிலிருந்து வருகிறது. மழை நின்றதும் கண்ணுக்குத் தெரிவது மணல்வெளிதான்; கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும். அதை அள்ளித்தான் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார்கள். 2022-இல் விஷ்ணுபாதம் கோயில் பக்கத்தில் 411 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரத்தில் ரப்பர் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். இப்போது படித்துறையிலேயே தண்ணீர். பெரியவர்களுக்குச் சௌகரியம்தான், ஊற்றுத் தோண்டுவதைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர்கள் முகம் சற்று வாடும். எதிர்க்கரையில் சீதாகுண்டம். நடைபாலத்தில் போகலாம். அங்கே இன்றும் மணல் பிண்டம்தான்.

பெண்கள் பிண்டம் போடலாமா என்ற கேள்விக்கு, சீதையைக் காட்டியே கயாவில் செய்துவைக்கிறார்கள். உங்கள் வாத்தியார் அதற்குச் சம்மதிப்பாரா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல்கு கரை, விஷ்ணுபாதம், அட்சய வடம் என்று மூன்று இடத்திலும் காரியம் உண்டு. மாத்ரு ஷோடசியில் அம்மா பட்ட ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு பிண்டம் வைக்கும்போது ஆண்கள் உடைந்து அழுவார்கள். அப்போது அவசரப்படுத்தாதீர்கள், வண்டிக்காரர் ஹார்ன் அடித்தால் அவரை முதலில் அடக்குங்கள். புரட்டாசி மகாளய பட்சத்தில் ஊரே மேளா, முதல் தடவை போகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

பணத்தை முன்கூட்டியே பேசுங்கள். சாமான், தட்சிணை, கயாவாளி (கயாவின் பரம்பரைப் புரோகிதர்) சம்பாவனை, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக வாத்தியாரிடம் கேட்டு வாங்குங்கள். கடைசியில் கயாவாளி "திருப்தி" என்று சொன்னால்தான் காரியம் பூர்த்தி. அந்த இடத்தில் பேரம் தொடங்கினால், உடனே சீதையின் சாபம் என்று பின்னால் யாராவது முணுமுணுப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சாபம் அவர்கள் மேல் சுமத்தின அநியாயம். வருஷம் முழுக்க அடுத்தவர் துக்கத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

அட்சய வடத்தடியில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை விடச் சொல்வார்கள். பாதிப் பேர் ஏற்கனவே சாப்பிடாத காயைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். பிடித்ததைத்தான் விட வேண்டும். எதை விடுவதென்று கணவனும் மனைவியும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றாக விட்டால் வீட்டில் தனித்தனிக் குழம்பு வைக்க வேண்டியிருக்கும்.