ஆங்கில நாடகத்தில் பனியும் குளிரும் வந்தால் எப்படிப் படிப்பது?

ஷேக்ஸ்பியர் காலத்து நாடகத்தில் ஐஸ், குளிர் என்று வந்தால் முதலில் நம்ம ஊர்க் குளிர்ச்சியைத் தள்ளி வையுங்கள். தருமபுரி வெயிலில் வளர்ந்த நமக்கு வயிறு குளிர்ந்தது, மனசு குளிர்ந்தது என்றால் நல்ல சேதி. அங்கே பெரும்பாலும் கற்பு, கல்மனசு, சாவு. தளி பக்கம் மார்கழி விடியலில் பைக் ஓட்டி விரல் மரத்துப்போயிருக்கிறதா? அந்தக் குளிரை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்புறம், யார் யாரைச் சொல்கிறார் என்று பாருங்கள். 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில், ஊரை ஆளும் கண்டிப்பான அதிகாரி ஏஞ்சலோவின் ரத்தமே உருகின பனித்தண்ணி என்கிறான் லூசியோ என்ற ஊர்சுற்றி. ரத்தம் சூடும் ஈரமும் உள்ளது என்று அன்றைய வைத்தியம் நம்பியதால், ஆசையே எழாத உடம்பு என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஏஞ்சலோதான், சகோதரனின் உயிருக்காகக் கெஞ்ச வந்த இசபெல்லாவைப் பார்த்ததும் ஆசையில் தடுமாறுகிறான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

'ஒதெல்லோ'வில் இன்னும் கொடுமை. மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்ற பிறகு அவளைப் பார்த்து, உன் கற்பைப் போலவே நீயும் சில்லென்று இருக்கிறாயே என்கிறான் ஒதெல்லோ. கற்பும் பிணமும் ஒரே சொல்லில்.

இப்படி வரும் வரிக்குப் பக்கத்தில் கற்பா, கல்மனசா, சாவா என்று பென்சிலால் எழுதுங்கள், ரெண்டு பொருந்தினால் ரெண்டையும் எழுதுங்கள்.