முரசு, காது, கால்விரல் இடுக்கு: திருகோணமலையில் நாய் வளர்ப்போருக்கு

பின்னேரம் சாப்பாடு வைக்க முன் ஐந்து நிமிடம் நாயைக் கையால் தடவிப் பாருங்கள். மேல் உதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) பார்ப்பது முதல் வேலை. அது இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பவேண்டும். எங்கள் ஊர் நாய்கள் பலவற்றுக்கு முரசு கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை மெதுவாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது வெறும் நம்பிக்கை. நித்திரையால் எழும்பிய நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். நாய்க்கென்று ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் இரண்டு சென்ரிமீற்றர் அளவு வைத்துப் பாருங்கள். 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை சாதாரணம். மனிதருக்கு இது காய்ச்சல், நாய்க்கு இல்லை. ஓடிக் களைத்த உடனே அளந்தால் கூடக் காட்டும். அரை மணித்தியாலம் படுக்கவிட்டு அளவுங்கள்.

நிறையும் தெரிந்திருக்கவேண்டும். பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் கிலோக் கணக்கில்தான் கொடுக்கப்படும். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறி, வித்தியாசத்தைக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும்

வெப்பமான ஊரில் உண்ணி வருடம் முழுக்க இருக்கும். நாயில் காணும் உண்ணிகளை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தால் ஒருநாளும் முடியாது, ஏனென்றால் கூட்டத்தின் பெரும்பகுதி நாயில் இல்லை, வீட்டில் இருக்கிறது. இரத்தம் குடித்துச் சிறு கௌபி விதைபோல ஊதிய சாம்பல் நிறப் பெண் உண்ணி, தானே விழுந்து சுவர் வெடிப்பிலோ கதவு நிலைக்குப் பின்னாலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் நாய் படுக்கும் இடத்தைச் சுற்றிச் சுவரில் ஏறிக் காத்திருக்கும். பட்டினியாகவே மாதக்கணக்கில் கிடக்கவும் அவற்றால் முடியும். "போன மாதம்தானே எல்லாம் எடுத்தோம்" என்று அலுத்துக்கொள்கிற வீடுகளில் நடப்பது இதுதான்.

ஆகவே இரண்டு பக்கமும் ஒரே கிழமையில் தொடங்கவேண்டும். நாய் படுக்கும் சாக்கை எரித்துவிடுங்கள், அல்லது கொதிநீரில் போட்டு வெயிலில் காயவிடுங்கள். கூட்டின் பலகை இடுக்கு, திண்ணை ஓரம், சுவரில் முழங்கால் உயரம் வரையுள்ள வெடிப்பு எல்லாவற்றையும் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்து, வெடிப்புகளைச் சீமெந்தால் அடையுங்கள். சுவருக்கு மருந்து அடிப்பதென்றால் மிருக வைத்தியர் சொல்வதை மட்டும் அடித்து, காயும் வரை நாயை உள்ளே விடாதீர்கள். தோட்டத்துக்கு அடிக்கும் கிருமிநாசினியை நாயில் பூசி, அது வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளுவது நடக்காத விடயம் அல்ல.

நாய்க்கு இப்போது வாயால் கொடுக்கும் குளிசைகள்தான் நல்ல பலன் தருகின்றன. அஃபொக்சொலனர் மாதம் ஒன்று. ஃபுளுராலனர் ஒன்று கொடுத்தால் வீட்டில் பெருகும் இந்த உண்ணிக்கு 12 கிழமை வரை நிற்கும். அதைச் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடலில் சரியாகச் சேரும். உண்ணி கடித்த பிறகுதான் இந்த மருந்துகள் அதைக் கொல்லும் என்பதால், கொடுத்த அடுத்த நாளும் உண்ணி தென்பட்டால் மருந்து பொய் என்று நினைக்கவேண்டாம். வலிப்பு வரும் நாய் என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். தோளில் விடும் பிப்ரோனில் துளி மருந்து என்றால், விட முன் இரண்டு நாளும் விட்டபின் இரண்டு நாளும் குளிப்பாட்டக்கூடாது, கடலிலும் இறக்கக்கூடாது. மயிரைப் பிரித்துத் தோலில் விழவேண்டும். மயிரில் விழுந்த துளி வீண். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு உயிர்க்கொல்லி. பூனையும் சேர்ந்து படுக்கும் வீட்டில் அதை வாங்கவே வேண்டாம்.

ஒட்டியிருக்கும் உண்ணியைச் சிறு சாவணத்தால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து, திருகாமல் நேராக, மெதுவாக இழுங்கள். ஊதுபத்தியால் சுடுவதும் மண்ணெண்ணெய் விடுவதும் நாயின் தோலுக்குத்தான் கேடு. எடுத்ததை நகத்தால் நசுக்காமல் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போடுங்கள். காதுக்குள், கழுத்துப் பட்டிக்குக் கீழ், கால்விரல் இடுக்கு, வால் அடி ஆகிய நான்கு இடத்தையும் விடாமல் பாருங்கள்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாங்கள் ஒன்றாகச் சொல்வது பல நோய்கள். முக்கியமானவை எர்லிக்கியாவும் பபேசியாவும். முதலில் தெரிவது சாப்பாட்டில் விருப்பக் குறைவு, சோர்வு. பிறகு காய்ச்சல், வெளிறிய முரசு. பபேசியாவில் சிவப்பணுக்கள் உடைவதால் சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறமாகலாம். எர்லிக்கியாவில் இரத்தத் தட்டுக்கள் குறைவதால் மூக்கால் இரத்தம் வடியும், வயிற்றுத் தோலில் செம்புள்ளி தெரியும். இரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு.

எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் வழக்கமாக 28 நாள். மூன்றாம் நாளே நாய் வாலாட்டிச் சாப்பிடும். அதோடு குளிசையை நிறுத்துவதுதான் நோய் திரும்பி வருவதற்கு வழி. அதைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்து, உடனே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாக்கும். பாலோடு வேண்டாம். பபேசியா சுகமான பிறகும் உடலில் ஒளிந்திருக்கலாம். பலவீனப்படும்போது திரும்பும் என்பதால் அந்த நாயின் முரசை வாழ்நாள் முழுக்கப் பார்க்கவேண்டும். சண்டையில் கடிபடுவதாலும் அந்த வகைக் கிருமி ஒன்று தொற்றும்.

காய்ச்சலுக்குப் பனடோல், உடம்பு நோவுக்கு இபுபுரோபன் என்று வீட்டு அலுமாரியைத் திறக்காதீர்கள். இபுபுரோபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பனடோல் அளவு மீறினால் ஈரலுக்கு ஆபத்து, பூனைக்கோ ஒரு குளிசையே போதும் சாவதற்கு.

வெயிலும் கடற்கரையும்

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு நாயை நடக்கக் கொண்டுபோகாதீர்கள். புறங்கையைத் தார் வீதியிலோ மணலிலோ ஏழு செக்கன் வைக்கமுடியாவிட்டால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. தகரக் கூரை போட்ட கூடு மத்தியானத்தில் அடுப்புத்தான். மேலே கிடுகு போட்டு, பக்கங்களில் காற்றுப் போக இடம் விடுங்கள்.

விடாமல் இளைத்து, எச்சில் கட்டியாகி, முரசு கடுஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போடுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி மூடிவைத்தால் சூடு வெளியேறாது. 39.5 பாகைக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவு மீறிக் குளிர்ந்துவிடும். நாய் தேறினாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். உள்ளுறுப்புச் சேதம் ஓரிரு நாள் கழித்துத் தெரியவரும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கொண்டுபோகிறவர்கள் குடிநீரும் ஒரு கோப்பையும் எடுத்துப்போங்கள். தாகத்தில் கடல்நீர் குடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். வலையில் இருந்து கழித்துப் போடும் பேத்தை மீனை நாய் கௌவவிடாதீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, முறிமருந்தும் இல்லை. தூண்டில் முள் வாயில் மாட்டி நங்கூசு (தூண்டில் இழை) வெளியே தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். வைத்தியருக்கு அதுவே வழிகாட்டி. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காதைப் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். தொங்கு காது நாய்க்கு இதைச் செய்யாவிட்டால் சில நாளில் காது நாறும். கோட்டைப் பக்கம் நடக்கும்போது சங்கிலியைக் கையில் பிடித்திருங்கள். அங்கே மான்கள் வீதியிலேயே படுத்திருக்கும்.

ஊசிகள்

விசர்நாய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில், பிறகு வருடம் ஒருமுறை. சுகாதாரத் திணைக்களம் இதை இலவசமாகப் போடுகிறது. அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். யாரையாவது கடித்தால் முதலில் கேட்பது அதைத்தான். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசி 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒன்றாக 16 கிழமை வரை போகும். "ஒன்று போட்டாச்சு, காணும்" என்று நிறுத்திய குட்டிகள்தான் பார்வோவில் சாகின்றன: தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை வேலைசெய்ய விடாது, அது எப்போது தீரும் என்று வெளியில் தெரியாது. பார்வோ வந்த வளவு மண்ணில் கிருமி பல மாதம் கிடக்கும். தரையை ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் சேர்த்துக் கழுவி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மழைக்கால எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் வருடாவருடம் வேண்டும்.

வாய் மூடமுடியாமல் எச்சில் வடிய, குரல் மாறி ஒரு நாய் நின்றால் தொண்டையில் முள் சிக்கியதாக நினைத்துக் கையை விடாதீர்கள். விசரில் தாடை விழுவதும் அப்படித்தான் இருக்கும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயிறு

சோறும் மீனும் போடுவதில் பிழையில்லை. மீனை அவித்து முள் எடுத்துப் போடுங்கள். கருவாடு, சம்பல், வெங்காயமும் உள்ளியும் போட்ட குழம்பு, அவித்த கோழி எலும்பு கூடாது. வெங்காயம் சிவப்பணுக்களை உடைக்கும், அவித்த எலும்பு கூராக முறிந்து குடலைக் குத்தும். வளரும் குட்டிக்குச் சோறும் இறைச்சியும் மட்டும் என்றால் கல்சியம் போதாமல் கால் வளையும், ஆகவே ஒரு வயது வரை குட்டிகளுக்கான உலர் உணவையும் சேருங்கள்.

பூச்சி மருந்து இரண்டு கிழமை வயதில் தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை மூன்று மாதம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதாமாதம், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒன்று. கொக்கிப்புழு இரத்தம் குடித்தே குட்டியைக் கொல்லும். அதில் ஒரு இனத்தின் அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது, அது மனிதருக்கும் தொற்றும். பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் மணலில் நாய் மலம் கிடக்கக்கூடாது. மலத்தில் அரிசிபோல் நெளிந்தால் அது நாடாப்புழு. தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வரும், ஏனென்றால் தெள்ளை விழுங்கித்தான் அது தொற்றுகிறது.

பெரிய நாய்க்குச் சாதாரண வயிற்றோட்டம் என்றால் குழைய அவித்த சோறு இரண்டு பங்கு, எலும்பில்லாக் கோழி ஒரு பங்கு, உப்பில்லாமல், நாளைக்கு நான்கு தடவை. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இரத்தம் போனால், வாந்தி நிற்காவிட்டால், அல்லது அது குட்டி என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

தோல், புண், பெட்டை நாய்

சொறிக்குக் கழிவு ஒயில் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நாய் அதை நக்கும். ஈரலும் சிறுநீரகமும் போகும். சொறிக்கு இரண்டு விதப் பூச்சிகள் காரணம், தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்துத்தான் மருந்து.

புண்ணில் இலையான் மொய்த்தால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். சுற்றிலும் மயிரை வெட்டி, உப்பு நீரால் கழுவி (ஒரு லீற்றர் ஆறிய கொதிநீருக்கு இரண்டு மட்டமான தேக்கரண்டி உப்பு), தெரியும் புழுவைச் சாவணத்தால் எடுங்கள். துளை ஆழமாக இருந்தால் உள்ளே இன்னும் இருக்கும், வைத்தியர்தான் எடுக்கவேண்டும்.

பெட்டை நாய் காலப்பட்டு (இணை சேரும் பருவம் வந்து) நான்கு முதல் எட்டுக் கிழமைக்குள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை வெறுத்து, வயிறு உப்பினால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். வெளியே சீழ் வராத வகைதான் ஆபத்துக் கூடியது. அன்றே சத்திரசிகிச்சை தேவைப்படலாம். தெருவில் திரியும் நாய்க்கு, ஆணோ பெண்ணோ, பிறப்புறுப்பில் இருந்து விட்டுவிட்டு இரத்தம் சொட்டினால் காலம் முடியவில்லை என்று எண்ணவேண்டாம். சேரும்போது தொற்றும் கட்டி அது. கிழமைக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு வின்கிறிஸ்டீன் (புற்றுநோய் மருந்து) ஊசியில் பெரும்பாலும் சுகமாகும். நடுவில் ஒன்றைத் தவறவிடாதீர்கள், ஊசி போட்ட ஓரிரு நாளுக்கு அதன் சிறுநீரையும் மலத்தையும் கையுறை போட்டே அள்ளுங்கள்.