துணியில் ரெட் ஒயின் கொட்டிவிட்டதா?

முதலில், தேய்க்காதீர்கள். பதறிப்போய்த் தேய்த்தால் சாயம் நூலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். சுத்தமான வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். அப்புறம் குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் விட்டு மறுபடி ஒற்றுங்கள். கையில் வேறொன்றும் இல்லையென்றால், ஈரம் காய்வதற்குள் உப்பை அள்ளிக் குவித்து வையுங்கள். வெள்ளை உப்பு மெல்ல இளஞ்சிவப்பாக மாறுவது கண்ணுக்கே தெரியும்.

வெள்ளைப் பருத்தித் துணி என்றால் நான் நம்புவது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை, அதாவது கறையின் நிறத்தை வெளுக்கும் திரவத்தைத்தான். அதில் இரண்டு பங்கும், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு பங்கும் கலந்து, கறை மேல் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். கறை வெளிறிக்கொண்டே வரும். பிறகு அலசி, வழக்கம்போலத் துவைக்கலாம். இந்தக் கலவையோடு ப்ளீச்சையோ வினிகரையோ மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

வண்ணத் துணியா? உள்மடிப்பில் இந்தக் கலவையை ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள், சாயம் வெளுத்துவிடலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் இது வேண்டவே வேண்டாம். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரிப் பெட்டி, டிரையர் பக்கமே போகாதீர்கள். சூடு பட்டால் அது துணியிலேயே தங்கிவிடும். லேசாக மிச்சமிருந்தால் ஈரத்தோடேயே இன்னொரு முறை செய்யுங்கள்.