சிம் வாங்குறதுக்கு முன்னாடி இத கேளுங்க

புது சிம்னா டேட்டா எவ்ளோ, டவர் கிடைக்குமான்னுதான் பாக்குறோம், ஆனா எவனாவது நம்ம பேர சொல்லி கஸ்டமர் கேர்ல பேசி டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா அதுக்கப்புறம் வர்ற ஓடிபி எல்லாம் அவன் போனுக்குத்தான் போகும். 2019ல ட்விட்டர் சிஇஓவா இருந்த ஜாக் டோர்சியோட ட்விட்டர் அக்கவுண்ட்லயே இப்படி நம்பர புடிச்சுத்தான் கைவச்சானுங்க. அதனால நம்பர் லாக் (நம்ம நம்பர வேற சிம்முக்கோ கம்பெனிக்கோ மாத்த விடாம பூட்டி வைக்கிறது) இருக்கா, சிம் மாத்தவோ போர்ட் பண்ணவோ தனியா பின் கேப்பீங்களான்னு மொதல்லயே கேட்டுருங்க. பொறந்த தேதியும் அட்ரஸும் சொன்னா போதும்ங்கிற கம்பெனி வேணவே வேணாம், அதெல்லாம் ஊருக்கே தெரியும். (போன ஆன் பண்ணும்போது போடுற சிம் பின் வேற, அது சிம் திருடு போனாதான் உதவும்.) நல்லா இருந்த சிக்னல் திடீர்னு போயி வரவே இல்லன்னா டவர் பிரச்சனைன்னு விட்டுடாம, எவனோ டூப்ளிகேட் சிம் வாங்கிட்டதால கூட இருக்கலாம்னு வேற போன்ல இருந்து உடனே கம்பெனிக்கு அடிங்க.