மூளைப் புரதங்களில் ஆக்சிஜனேற்றச் சேதத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களில் மூளைப் புரதங்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் எவ்வளவு சேதமடைந்துள்ளன என்பதை அறிய, ஆய்வகங்கள் பெரும்பாலும் புரதக் கார்போனைலையே, அதாவது ஆக்சிஜனேற்றத்தால் புரதத்தில் உண்டாகும் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக் குழுவையே, அளக்கின்றன. டிஎன்பிஎச் (டைநைட்ரோஃபீனைல்ஹைட்ரசீன்) என்னும் வினைபொருள் கார்போனைலுடன் சேர்ந்து தரும் மஞ்சள் நிறத்தை 370 நானோமீட்டர் அருகில் படிக்கிறோம். நாங்கள் தொடக்கத்தில் செய்த பிழைகளையே புதிதாக வருபவர்களும் செய்வதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். பிப்பெட் பிடிக்கும் விதம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

மேசையில் உண்டான சேதத்தை நோயின் கணக்கில் எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். எலியின் இதயத்தின் வழியாக உப்புக்கரைசலைச் செலுத்தி இரத்தத்தை வெளியேற்றாமல் மூளையை எடுத்தால், அரைத்த திசு இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் ஹீமோகுளோபினுடையது. அதிலுள்ள ஹீம் என்னும் இரும்பு கொண்ட பகுதி நாம் படிக்கும் அலைநீளத்திலும் ஒளியை உறிஞ்சும். அதிலிருந்து விடுபடும் இரும்போ ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, நோய்க்குச் சம்பந்தமே இல்லாத புதிய கார்போனைல்களைக் குழாய்க்குள்ளேயே உருவாக்கும். இரும்பைக் கட்டுப்படுத்த, உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ மட்டும் போதாது. அதனுடன் பிணைந்த இரும்பு தொடர்ந்து வினைபுரியக்கூடும் என்பதால் அதே வகையைச் சேர்ந்த டிடிபிஏ சேர்ப்பதே நல்லது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வில், நோயுற்ற எலிகளின் மூளைகள் பல மாதங்கள் −20 டிகிரியில் கிடந்தன. ஆரோக்கியமான எலிகளின் மூளைகளோ எடுத்த அன்றே அரைக்கப்பட்டன. இரு குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிந்தது. பிறகு அதே உறைபெட்டியில் அதே காலம் கிடந்த ஆரோக்கியமான திசுவை அளந்தபோது அதிலும் கார்போனைல் அவ்வளவே கூடியிருந்தது. முதிய எலிகளை மறுபடி வளர்த்தெடுக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். உயிர்விட்டவை வீணாக உயிர்விட்டவையே. இரு குழுக்களையும் ஒரே நாளில், வரிசையைக் கலந்து அரையுங்கள். சிறு பங்குகளாகப் பிரித்து −80 டிகிரியில் வையுங்கள். உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள். மனித மூளையானால், இறப்புக்கும் உறையவைத்தலுக்கும் இடைப்பட்ட நேரம் இரு குழுக்களிலும் ஒத்திருக்க வேண்டும்.

நியூக்ளிக் அமிலத்தை விட்டுவைப்பது

திசுவிலுள்ள டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகிய நியூக்ளிக் அமிலங்களும் டிஎன்பிஎச்சுடன் வினைபுரியும்; ஸ்ட்ரெப்டோமைசின் சல்பேட்டால் வீழ்படிவாக்கி நீக்குங்கள்.

ஒப்பீட்டுக் குழாயை மிச்சம் பிடிப்பது

ஒவ்வொரு மாதிரிக்கும் டிஎன்பிஎச் இல்லாத, வெறும் அமிலம் சேர்த்த குழாய் கட்டாயம் வேண்டும்; அதன் அளவை மாதிரியின் அளவிலிருந்து கழிக்க வேண்டும்.

கார்போனைல் என்றாலே நேரடி ஆக்சிஜனேற்றம் என்று கொள்வது

கொழுப்பு சிதைந்து உண்டாகும் 4-ஹைட்ராக்சிநோனினாலும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு கார்போனைலாகவே தெரியும். மறுபுறம், பார்க்கின்சன் நோயில் நரம்பு செல்களுக்குள் திரளும் லூயி உருண்டைகளிலுள்ள ஆல்ஃபா-சினூக்ளின் என்னும் புரதத்தின் டைரோசின் அமினோ அமிலத்தில் நைட்ரோ குழு ஏறுவதை இந்த அளவீடு காட்டவே காட்டாது. அதற்குத் தனி எதிர்ப்பொருள் வேண்டும்.

சேதத்தைக் கண்டதும் அதுவே காரணம் என முடிவுகட்டுவது

தொடக்கநிலைப் பார்க்கின்சன் நோயாளிகள் 800 பேரைக் கொண்ட டேட்டாடாப் ஆய்வில், நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் ஈ கொடுத்தும் நோயின் போக்கு தாமதப்படவில்லை என்று 1993இல் தெரியவந்தது. சேதம் நோயின் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். கார்போனைல் அளவு ஒன்றை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.