போன் அப்ளிகேஷன் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: 101-உம் மற்றவையும்

போன வாரம் காளவாசல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி தன் புரோகிராமைக் காட்டினார். முப்பதாவது வரியிலேயே 101 நின்றது. "இது என்ன எண் தம்பி?" என்றேன். "டிடிஎம்எஃப் அண்ணே. நெட்ல எல்லா உதாரணத்துலயும் இதுதான இருக்கு" என்றார். டிடிஎம்எஃப் என்றால் போனில் பட்டனை அழுத்தும்போது எழும் ஒலி. ஒரு காலத்தில் நான் சொன்ன அதே பதில், வார்த்தை மாறாமல்.

பாஸ்வேர்டை மாற்றாதது, நடந்ததைப் பதிவு செய்யும் லாக் வைக்காதது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. சிப் (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் முறை), விஎக்ஸ்எம்எல் (போனில் பேசும் குரல் மெனுவை எழுதும் மொழி) மாதிரித் திறந்த தரங்களில் எழுதிவிட்டோம், இனி எந்த சர்வரிலும் எந்த டிரங்க்கிலும் (போன் கம்பெனி தரும் இணைப்பு) ஓடும் என்று நிம்மதியாக இருக்கும்போது காலை வாரும் இடங்கள் மட்டும்.

101-ஐ கோடுக்குள் எழுதி வைப்பது

போனில் 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒலிகள் சேர்ந்து எழும். ஜி.711 என்ற கோடெக்கில் (ஒலியை எண்களாக மாற்றும் முறை) அது பெரும்பாலும் அப்படியே போய்ச் சேரும். நொடிக்கு 8 கிலோபிட்டுக்குள் சுருக்கும் ஜி.729-இல் சிதைந்துவிடும், அது பேச்சுக்காகச் செய்த கோடெக். எனவே அழுத்திய எண்ணை ஒலியாக அனுப்பாமல் தனி ஆர்டிபி பாக்கெட்டாக (குரலை நெட்டில் சுமந்து செல்லும் துண்டு) அனுப்ப 2000-இல் ஆர்எஃப்சி 2833 என்ற இணையத் தர ஆவணம் வழி செய்தது. 2006-இல் 4733 அதன் இடத்துக்கு வந்தது.

ஒவ்வொரு ஆர்டிபி பாக்கெட்டின் தலையிலும் ஒரு வகை எண் இருக்கும். ஜி.711-இன் மியூ வகைக்கு 0, ஏ வகைக்கு 8 என்பது நிலையானது. டெலிபோன் ஈவென்ட்டுக்கு, அதாவது இப்படித் தனியாக அனுப்பும் பட்டன் எண்ணுக்கு, அப்படி எதுவும் கிடையாது. வழக்கமாக 96 முதல் 127 வரைக்குள் ஏதோ ஒன்றை, அழைப்பு தொடங்கும்போது எஸ்டிபியில் (சிப் செய்திக்குள் வரும் ஒலி விவரக் குறிப்பு) இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள வேண்டும். நிறைய பேர் 101 என்று வைப்பது வெறும் வழக்கம். எந்த ஆர்எஃப்சியும் அதைக் கட்டாயமாக்கவில்லை.

இது தெரியாமல்தான் உசிலம்பட்டிப் பக்கம் பால் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு ஐவிஆர் எழுதினேன். பால் ஊற்றுபவர் போன் போட்டு உறுப்பினர் எண்ணை அழுத்தினால், காலையும் மாலையும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு, பட்டுவாடா எவ்வளவு என்று குரல் சொல்லும். சிப் வேலையை ஒரு லைப்ரரி பார்த்துக்கொண்டது. எண்களைப் பிடிக்கும் பகுதி மட்டும் என் கைவண்ணம்: வகை எண் 101 ஆக இருந்தால் எடு, இல்லாவிட்டால் தூக்கிப் போடு. சில மாதம் நன்றாக ஓடியது.

அப்புறம் அவர்கள் டிரங்க் கொடுப்பவரை மாற்றினார்கள். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கே போன். "எண்ணை அழுத்துறோம் சார், அந்தம்மா திரும்பத் திரும்ப 'உறுப்பினர் எண்ணை அழுத்தவும்'னே சொல்லுது." குரல் தெளிவாகக் கேட்கிறது, அழைப்பு துண்டிக்கவில்லை. ஆகவே என் பக்கம் தவறே இல்லை என்று முடிவு கட்டினேன். புதிய டிரங்க்காரரிடம் இரண்டு நாள் சண்டை. அவர்கள் பொறுமையாக, "எங்கள் பக்கம் ஈவென்ட் போகிறது" என்றார்கள். நான் நம்பவில்லை. பால் ஊற்றுபவர்கள் பட்டனைச் சரியாக அழுத்துவதில்லை என்றுகூடச் சொன்னேன். அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மூன்றாம் நாள் இரவு, நெட்டில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தேன். அவர்கள் அனுப்பிய எஸ்டிபியில் டெலிபோன் ஈவென்ட்டுக்கு 96 என்று இருந்தது. லைப்ரரி ஒழுங்காக 96-க்கே சம்மதம் சொல்லியிருந்தது. பாக்கெட்டுகளும் 96 என்ற வகையில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் புரோகிராம் அத்தனையையும் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது.

திருத்தம் இரண்டே வரி. எஸ்டிபியில் பேசி முடித்த எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் வேறொருவருக்குப் போய்விட்டது. போகாமல் என்ன செய்யும்?

இதோடு ஒட்டிய இன்னொன்று. ஒரு பட்டனை விட்டதும் 'முடிந்தது' என்ற கொடியோடு கடைசிப் பாக்கெட்டை மூன்று முறை அனுப்பச் சொல்கிறது தரம். வழியில் ஒன்று தொலைந்தாலும் மற்றது வந்து சேரட்டும் என்றுதான். மூன்றிலும் டைம்ஸ்டாம்ப் ஒன்றே. அதைப் பார்க்காமல் பாக்கெட்டை எண்ணினால் 4 என்று அழுத்தியவருக்கு 444 விழும். இதையும் செய்திருக்கிறேன். எங்கள் சோதனை மென்போன் (கணினியில் ஓடும் போன்) ஒரு முறைதான் அனுப்பியது, அதனால் மேசையில் தெரியவில்லை.

சிப் செய்தியை நீங்களே வெட்டிப் படிப்பது

வேண்டாம். அழைப்பவர் யார் என்று சொல்லும் 'ஃப்ரம்' என்ற ஹெடரை 'எஃப்' என்று ஒற்றை எழுத்தாக அனுப்பவும் சிப்பின் தரமான ஆர்எஃப்சி 3261 அனுமதிக்கிறது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் ஹெடர் பெயரில் கிடையாது. நல்ல லைப்ரரி இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

போன் எண்ணை ஊர் வழக்கப்படி சேமிப்பது

0452 என்று தொடங்கும் எண் மதுரைக்குப் புரியும். வேறு நாட்டு சர்வருக்குப் புரியாது. டேட்டாபேஸில் முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு, 91 சேர்த்து, ஈ.164 என்ற உலகப் பொது வடிவில் வையுங்கள். நாட்டுக் குறியீடு உட்பட அதிகபட்சம் 15 இலக்கம். முன்னால் போடும் பூஜ்யத்தை டயல் செய்யும் இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

விஎக்ஸ்எம்எல்லில் கம்பெனிக்காரர் கொடுக்கும் கூடுதல் டேக்

விஎக்ஸ்எம்எல் 2.0, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக 2004-இல் வந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்து வைத்திருப்பார். சுலபமாக இருக்கும், கை போகும். பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் ஒரே கோப்பில் ஒதுக்கி வையுங்கள். நாற்பது பக்கத்தில் தூவிவிட்டு, மாற்றும்போது என்னைக் கூப்பிடாதீர்கள்.

எஸ்டிபிக்குள் 192.168

அது உள் நெட்வொர்க்கில் மட்டும் செல்லும் முகவரி. வெளியே விட்டால் ஒருபக்கப் பேச்சுதான்.

ஒரே மென்போனில் சோதிப்பது

குறைந்தது இரண்டு வேறு மென்போன், ஒரு உண்மையான டிரங்க், ஒரு பழைய பட்டன் செல்போன். காளவாசல் தம்பியிடம் டெலிபோன் ஈவென்ட்டை 96 என்று மாற்றி வைத்த மென்போனைக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் 4-ஐ அழுத்திக்கொண்டே இருந்தார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "டிரங்க்ல பிரச்சினையா அண்ணே?" என்றார்.