திறந்த மர ஷெல்ஃப்: நீளப் பலகை ஆசையை விடுங்கள்

மதுரையில் இப்போது வீட்டுக்கு வீடு கண்ணாடிக் கதவு போட்ட பழைய ஷோகேஸைக் கழற்றிவிட்டு, கதவில்லாத மர ஷெல்ஃப் வைக்கிறார்கள். நடுவில் டிவி, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மேலே புத்தகம், விளாச்சேரியில் வாங்கிய பொம்மை, பையன் கபடியில் ஜெயித்த கப்பு, எல்லாம் கண்ணில் படுகிற மாதிரி. நல்ல விஷயம், எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். ஆனால் புதிதாக வாங்குகிறவர்களும் புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பிகளும், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகளைத் திரும்பச் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. அளவெடுத்து வாங்குங்கள், சுவர் நிறத்துக்குப் பொருத்தம் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

நடுவில் தாங்கல் இல்லாத நீளப் பலகை

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். படத்தில் பார்த்துவிட்டு வருவார்கள். நாலடி, ஐந்தடிக்கு ஒரே பலகை, நடுவில் ஒன்றுமே இல்லாமல். "நடுவுல கட்டை வச்சா அடைச்ச மாதிரி இருக்குண்ணே, ஓப்பனா விட்ருங்க" என்பார்கள். விற்கிறவரும் சரி என்று தலையாட்டிவிட்டு 18 எம்.எம். பார்ட்டிக்கிள் போர்டில் (மரத்துகளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை) அடித்துக் கொடுத்துவிடுவார்.

திருநகரில் ஒரு வீட்டில் பார்த்தேன். ஐந்தடி ஷெல்ஃப், நான்கு தட்டு. மூன்றாவது தட்டில் அப்பா காலத்து இசைத்தட்டுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள், அவற்றைப் பார்வையில் வைக்கத்தான் ஷெல்ஃபே வாங்கியது. வாங்கும்போது கடைக்காரர் பலகை மேலே ஏறி நின்று காட்டியிருக்கிறார். "பாருங்க சார், ஆளையே தாங்குது." ஆள் இறங்கியதும் பலகை நேராகிவிடும், அதனால் அந்தக் காட்சியை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் இசைத்தட்டு இறங்காது. இரவும் பகலும் அங்கேயே இருக்கும். மாதக்கணக்கில் ஒரே பாரத்தைச் சுமக்கிற பலகை கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்துகொண்டே போகும், பார்ட்டிக்கிள் போர்டும், மர நாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப்.பும் இதில் பிளைவுட்டைவிட மோசம். அந்த வீட்டில் பலகை தொய்ந்ததில் முனை உள்ளே இழுபட்டு, தட்டைத் தாங்குகிற ஷெல்ஃப் பின் (சின்ன முளை) போட்ட துளை பிய்ந்து, ஒரு பக்கம் கழன்று, கீழ்த் தட்டில் இருந்த ஆம்ப்ளிஃபயர் மேல் அத்தனையும் சரிந்தது. ஆம்ப்ளிஃபயர் போனது மட்டுமில்லை, திரும்ப வாங்கவே முடியாத இசைத்தட்டுகளில் பல உடைந்துபோயின. ஷெல்ஃபில் மிச்சப்படுத்திய காசு இதில் எந்த மூலைக்கு?

உடையாமல் இருப்பது வேறு, தொய்யாமல் இருப்பது வேறு. கடைக்காரர் காட்டியது முதலாவதை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

கணக்கைச் சொல்கிறேன், தம்பிகள் கவனியுங்கள். பலகை முழுக்க ஒரே சீராகச் சாமான் அடுக்கினால், தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். இரண்டு மடங்கு இல்லை, 16. இரண்டடியில் கண்ணுக்கே தெரியாத தொய்வு நாலடியில் அசிங்கமாகத் தெரிவது இதனால்தான். பலகையின் கனம், அதாவது தடிமன், நமக்கு உதவும்: 18 எம்.எம்.மிலிருந்து 25 எம்.எம்.முக்குப் போனால் தொய்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். ஆனால் நீளத்தைக் குறைப்பதில் கிடைக்கிற லாபத்துக்கு ஈடாகாது. 12 அங்குல இசைத்தட்டு உறையோடு 200 முதல் 250 கிராம் வரும். ஒரு அடி நீளத்துக்கு நெருக்கி அடுக்கினால் 15 கிலோவைத் தாண்டும். ஐந்தடிக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். புத்தகம் அதைவிடக் குறைவுதான், ஆனாலும் அதுவும் பாரம்தான். பித்தளைக் குத்துவிளக்கு, ஜல்லிக்கட்டில் வாங்கிய அண்டா என்றால் பாரம் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கும், அதை நடுவில் வைக்காமல் தாங்கலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

அப்போது என்ன செய்வது? 18 எம்.எம். பிளைவுட் என்றால் புத்தகத்துக்கு இரண்டரை அடிக்கு மேல் போகாதீர்கள், இசைத்தட்டுக்கு இரண்டடிகூட அதிகம். சுமார் 33 சென்டிமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்துவிடுவதுதான் சரி, உறை 31 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதால் எடுக்க வைக்கத் தோதாகவும் இருக்கும். பார்ட்டிக்கிள் போர்டு என்றால் இன்னும் குறையுங்கள். நீளமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பலகையின் முன் ஓரத்தில் 40 எம்.எம். உயரத்துக்குத் தேக்குச் சட்டம் ஒட்டி ஸ்குரூ போடச் சொல்லுங்கள், பின் ஓரத்தைச் சுவரிலோ முதுகுப் பலகையிலோ பிடிக்கச் சொல்லுங்கள். தொய்வு பாதிக்கும் கீழே போய்விடும், பார்வைக்கும் கனமான பலகை மாதிரி கம்பீரமாக இருக்கும்.

பிளைவுட்டில் இன்னொரு திருட்டு வேலை நடக்கும். எட்டுக்கு நாலு ஷீட்டில் மேல்தோலின் ரேகை எட்டடிப் பக்கமாக ஓடும். தட்டின் நீளமும் அதே திசையில் வரவேண்டும், அப்போதுதான் தொய்வு குறையும். வேஸ்ட்டைக் குறைக்கக் குறுக்கே அறுத்து, மேலே மைக்கா ஒட்டிவிட்டால் உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. அறுக்கிற அன்று பக்கத்தில் நின்று பாருங்கள், ஆசாரி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே தொய்ந்துவிட்டது, பலகையைத் திருப்பிப் போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார்கள். நேராகும், அப்புறம் இந்தப் பக்கம் தொய்யும். நடுவில் ஒரு கட்டை கொடுங்கள். அந்தக் கட்டை மேல் தட்டிலிருந்து தரை வரை ஒரே நேர்க்கோட்டில் இறங்க வேண்டும். ஒரு தட்டில் இடது பக்கம், அடுத்த தட்டில் வலது பக்கம் என்று அழகுக்காக மாற்றி வைத்தால், மேல் பாரம் கீழ்ப் பலகையின் நடுவில் போய் உட்காரும்.

டிவியின் கால் எங்கே வருகிறது என்று பார்க்காதது

55 இன்ச் டிவி ஏறக்குறைய நாலடி அகலம். பல மாடல்களில் கால் இரண்டும் கோடியில் இருக்கும். பலகை டிவியைவிடக் குட்டையாக இருந்தால் கால் வெளியே தொங்கும். முதலில் டிவி, பிறகு ஷெல்ஃப்.

முதுகே இல்லாமல் விடுவது

சுவர் தெரிய வேண்டும் என்று பின்பக்கம் முழுவதும் திறந்துவிட்டால் ஷெல்ஃப் இடவலமாக ஆடும். பலகைகளை இணைக்கிற மினிஃபிக்ஸ் ஸ்குரூ மட்டும் அந்த ஆட்டத்தை நிறுத்தாது, ஆட ஆடத் துளைதான் பெரிதாகும். எல்லாக் கட்டத்துக்கும் வேண்டாம், ஒன்றிரண்டு கட்டத்துக்கு 6 எம்.எம். பிளைவுட் அடித்தாலே நின்றுவிடும். வயர் போக அதில் வட்டத் துளை போட்டுக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: மாடுலர் என்று சொன்னாலும் பார்ட்டிக்கிள் போர்டில் ஸ்குரூவைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் பிடி போய்விடும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் பிளைவுட்டுக்குப் போவதே நல்லது.

ஆம்ப்ளிஃபயருக்கு மூச்சுவிட இடம் தராதது

ஆம்ப்ளிஃபயர் சூடு மேல் பக்கமாகத்தான் வெளியேறும். மேலே ஒரு சாண் இடமாவது விடுங்கள். சித்திரை வெயிலில் நம் ஊர் ஹாலே கொதிக்கும், அதற்கு மேல் பெட்டியின் சூடும் அடைபட்டால் தாங்காது. ஆழம் பத்து அங்குலம் போதும் என்று புத்தகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நிறைய ஆம்ப்ளிஃபயர்கள் 35 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம், பின்னால் வயர் வளைய இடம் தனி.

ரெக்கார்டு பிளேயரும் ஸ்பீக்கரும் ஒரே பலகையில்

வேண்டாம். அதிர்வு ஊசிக்குப் போகும்.

அடிப்பலகையைத் தரையோடு உட்கார வைப்பது

தினமும் மாப் போடுகிற வீட்டில் தரையைத் தொடுகிற பார்ட்டிக்கிள் போர்டு ஊறி உப்பிவிடும். நாலு அங்குலக் கால் வையுங்கள். கரையான் ஏறினாலும் அதன் மண் தடம் காலில் தெரியும், தரையோடு ஒட்டியிருந்தால் உள்ளே பாதி தின்ற பிறகுதான் தெரியவரும். ஹாலுக்கு ஐ.எஸ். 303 எம்.ஆர். தரப் பிளைவுட் (ஓரளவு ஈரம் தாங்குவது) தாராளமாகப் போதும். யாராவது முழுவதும் ஐ.எஸ். 710 (தண்ணீரை நன்றாகத் தாங்குகிற மரைன் பிளைவுட்) போடச் சொன்னால், அடித்தட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு மீதிக் காசைக் கனத்துக்குச் செலவழியுங்கள்.

மேல்பக்கம் மட்டும் பாலிஷ்

மரப்பலகைக்கு இரண்டு பக்கமும் அடியுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் ஒரு பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளைந்துவிடும்.

சுவரில் பிடிக்காமல் விடுவது

குழந்தை உள்ள வீட்டில் இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். திறந்த தட்டு பிள்ளைகளுக்கு ஏணி. மேல் தட்டுக்கு அருகில் இரண்டு எல் ஆங்கிள், சுவருக்குள் நல்ல பிளக். செங்கல் சுவருக்குப் போடுகிற பிளக் ஹாலோ பிளாக்கிலும் ஏ.ஏ.சி. பிளாக்கிலும் (காற்றுக் குமிழி நிறைந்த லேசான கல்) அப்படியே பிடிக்காது, அதற்கென்று தனியாக இருக்கிறது, ஹார்டுவேர் கடையில் சுவர் எது என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். துளை போட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னால், இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத ஷெல்ஃபாகப் பார்த்து, பாரமான சாமான் எல்லாம் அடித்தட்டில் வருகிற மாதிரி அடுக்குங்கள்.